வேர் தேடுவோர் கேள்வி – பதில்: நேட்டால் கப்பல் பட்டியலில் நம் பாட்டன் பாட்டிகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் கோயில் மண்டபங்களிலும் தமிழ்ப் பள்ளி அறைகளிலும் கூடும் குடும்ப வரலாற்றுக் குழுக்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கேட்டவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

குழுவுக்குப் போன முதல் நாளே "காலனி நம்பர் இருக்கா?" என்று கேட்டார்கள். எனக்குத் தாத்தாவின் அப்பா பெயர் மட்டும்தான் தெரியும். அது என்ன நம்பர்? எங்கே கிடைக்கும்?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேருடன் 'ட்ரூரோ' கப்பல் டர்பனுக்கு வந்தது. டர்பன் இருக்கும் நேட்டால் அப்போது ஆங்கிலேயர் காலனி. அந்தக் கப்பலில் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். ஆண், பெண், கைக்குழந்தை என்று வேறுபாடில்லாமல் ஒவ்வொருவருக்கும் வந்த வரிசைப்படி ஒரு எண் தரப்பட்டது. அதுதான் காலனி நம்பர். அந்தக் கால அலுவலகங்களுக்குப் பெயரைவிட இந்த எண்தான் முக்கியம். முனுசாமி என்ற பெயரில் எத்தனையோ பேர் வந்தார்கள், ஆனால் ஒரு எண்ணுக்கு ஒரே ஆள். எண் கையில் இருந்தால் கப்பல், தேதி, வயது, அப்பா பெயர், சொந்த ஊர், முதலில் வேலைக்கு அனுப்பப்பட்ட தோட்டம் என்று எல்லாவற்றையும் தேடி எடுக்கலாம்.

எண்ணைத் தேடுவதற்கு முதல் இடம் வீடுதான். பெரியப்பா, அத்தை வீடுகளில் இருக்கும் தகரப் பெட்டி, சாமி அறை அலமாரி, பழைய பைபிள் அல்லது தேவாரப் புத்தகத்தின் உள்பக்கம் என்று எதையும் விட வேண்டாம். ஒப்பந்தம் முடிந்ததற்கான சான்று, மூன்று பவுன் வரி கட்டிய சீட்டு, பழைய பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு ஆகியவற்றில் எண் எழுதப்பட்டிருக்கும். 1895-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த அந்த வரி 1914-இல்தான் ஒழிந்தது. அதனால் ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கிய பல குடும்பங்களில் அந்தச் சீட்டு இருக்க வாய்ப்புண்டு.

வீட்டில் எதுவும் கிடைக்காவிட்டால் உங்களிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். உங்கள் பிறப்புச் சான்று, அடுத்து அப்பாவுடையது, அடுத்து தாத்தாவுடையது. உள்துறை அலுவலகத்தில் கேட்கும்போது சுருக்கச் சான்று வாங்கினால் பயனில்லை, பெற்றோர் விவரம் அதில் வராது. முழுச் சான்றைக் கேளுங்கள். அதைவிடச் சிறந்தது, கையால் எழுதிய மூலப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல். அங்கே இதை 'வால்ட் காப்பி' என்பார்கள். கணினியில் ஏற்றியவர் விட்டுவிட்ட தோட்டத்தின் பெயரும் பெற்றோர் எண்ணும் அந்தப் பக்கத்தில்தான் கிடைக்கும். வர நாளாகும். விண்ணப்பம் கொடுத்ததும் அடுத்த தலைமுறை வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். நகல் வரட்டும், அதைப் படித்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள். நடுவில் ஒரு தலைமுறையை ஊகித்து நிரப்பினால் அதற்கு மேலே எழுதுவதெல்லாம் வேறொருவர் குடும்பமாகிவிடும்.

இன்னொரு பயனும் உண்டு. 1866-இல் நின்ற ஆள் அனுப்புதல் 1874-இல்தான் மறுபடி தொடங்கியது. முதல் கட்டத்தில் வந்தவர்கள் சுமார் 6,400 பேர். எண் அதற்குள் இருந்தால் உங்கள் முன்னோர் கரும்புத் தோட்டங்கள் தொடங்கிய காலத்திலேயே வந்தவர் என்று பார்த்ததும் சொல்லிவிடலாம்.

எண் கிடைக்கவில்லை. கப்பல் பட்டியலில் பெயரை வைத்துத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. எங்கள் குடும்பம் பட்டியலிலேயே இல்லையா?
– வாசகர், டொங்காட்

பெரும்பாலும் இருக்கும். நீங்கள் எழுதும் எழுத்துக்கூட்டல்தான் அங்கே இருக்காது.

ஒவ்வொரு கப்பலிலும் வந்தவர்களின் பட்டியலை எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். அந்தக் கால வழக்கப்படி அகரத்துக்கு 'யு', உகரத்துக்கு இரட்டை 'ஓ', சில இடங்களில் ககரத்துக்கு 'சி' என்று போட்டிருப்பார்கள். ரங்கசாமியின் முதல் உயிரெழுத்து 'யு'வாக இருக்கும். குப்புசாமி 'சி'யில் தொடங்கி இரண்டு 'ஓ'வுடன் போகும். கந்தன் 'கே', 'சி', 'ஜி' என்ற மூன்றில் எதிலும் இருக்கலாம். தேவானை 'டி'யிலும் 'டி-ஹெச்'சிலும், வீரம்மா 'வி'யிலும் 'டபிள்யூ'விலும், பாப்பம்மா ஆங்கில P, B என்ற இரண்டு எழுத்திலும் வரலாம். பழனியில் வரும் ழகரத்துக்கு எந்த எழுத்தும் நிலையில்லை. எனவே முழுப்பெயரைத் தட்டச்சு செய்யாதீர்கள். பெயரில் மாறாத நடுப்பகுதி மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் கொடுங்கள், அல்லது பெயரை விட்டுவிட்டு அப்பா பெயரையும் ஊரையும் வைத்துத் தேடுங்கள்.

அடுத்த தவறு நாயுடு, பிள்ளை, மூட்லி, கோவெண்டர் என்று இன்றைய குடும்பப் பெயரை வைத்துத் தேடுவது. பட்டியலில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு பெயரும் அப்பா பெயரும்தான் உண்டு. குடும்பப் பெயர் பிறகு இங்கே வந்து ஒட்டிக்கொண்டது.

பட்டியலின் ஒரு வரியை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். இடமிருந்து எண், பெயர், அப்பா பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் என்று போகும். ஒரு பெண்ணின் வரியைப் பார்த்தால் அதோடு நிறுத்திவிடாமல் அதற்கு முன்னால் ஐந்து வரி, பின்னால் ஐந்து வரி படியுங்கள். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகளுக்கு அடுத்தடுத்த எண்களே கிடைத்தன. ஒரே கிராமத்திலிருந்து சேர்ந்து வந்தவர்களும் பக்கத்துப் பக்கத்து வரிகளில் இருப்பார்கள். இங்கே பிறகு சம்பந்தி ஆனவர்கள் ஊரிலேயே அக்கம்பக்கத்தார் என்பது இப்படித்தான் தெரியவரும்.

கப்பல் பெயரை மட்டும் குறித்துக்கொண்டால் போதாது. உம்லாசி, உம்சிண்டோ, உம்வோட்டி போன்ற நீராவிக் கப்பல்கள் திரும்பத் திரும்ப வந்தவை. பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் அது எத்தனையாவது பயணம் என்ற ரோமன் எண் இருக்கும். அதையும் வந்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.

பெயர் கிடைத்ததும் "இவர்தான்" என்று முடிவுகட்டாதீர்கள். புதியவர்கள் அதிகமாகச் சறுக்கும் இடம் இதுதான். அப்பா பெயர், ஐந்து வயதுக்குள் முன்பின்னான வயது, மனைவி அல்லது பிள்ளையின் பெயர், வேலை செய்த தோட்டம், கிராமம் ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று வேறொரு தாளோடு பொருந்த வேண்டும். பெயரும் அப்பா பெயரும் மட்டும் பொருந்துகிற இருவர், ஒரே கப்பலிலேயே இருக்கலாம். மூன்று பொருந்தும்வரை பென்சிலில் 'இருக்கலாம்' என்று எழுதி வையுங்கள். குழுவில் சேர்ந்து வேலை செய்வதன் பெரிய நன்மை இது. நம் ஆசைக்குப் பொருந்துகிற ஆளை நாம் எளிதாக ஒப்புக்கொள்வோம், பக்கத்தில் இருப்பவர் "ஆதாரம் எங்கே?" என்று கேட்பார்.

இந்தப் பட்டியல்களைக் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுதூலி ஆவண மையம் கணினியில் தேடும் வகையில் வைத்திருக்கிறது. மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கணினிப் பட்டியல் வழிகாட்டத்தான். முடிவுக்கு வருமுன் மூலப் பக்கத்தையோ அதன் படத்தையோ பாருங்கள். இறந்தார், ஊர் திரும்பினார், வேறு முதலாளிக்கு மாற்றப்பட்டார் என்ற குறிப்புகள் ஓரத்தில் வேறு மையில் எழுதப்பட்டிருக்கும், தட்டச்சில் அவை விடுபடுவதுண்டு.

என் தாத்தாவின் குடும்பப் பெயர் கோவெண்டர். அவருடைய சொந்தத் தம்பி பெருமாள் என்று இருக்கிறார். ஒரே அப்பா அம்மா என்று ஆயா சொல்கிறார். இது எப்படி?
– வாசகி, ஃபீனிக்ஸ்

ஆயா சொல்வது சரியாகவே இருக்கும். நம் வழக்கத்தில் அப்பா பெயர்தான் பிள்ளைக்கு அடையாளம். இங்கே படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும். ஒரு பிள்ளைக்குப் பிறப்பைப் பதிந்தவர் பட்டப் பெயரை எழுதினார், இன்னொரு பிள்ளைக்குப் பள்ளித் தலைமையாசிரியர் அப்பாவின் பெயரை எழுதினார். அப்புறம் அதுவே நிலைத்துவிட்டது. இருவர் பிறப்புப் பதிவிலும் பெற்றோர் பெயரும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வம்சாவளிப் படத்தில் எந்தப் பெயரையும் 'திருத்தி' எழுதாதீர்கள். எந்தத் தாளில் எப்படி இருந்ததோ அப்படியே, தாளின் ஆண்டோடு எழுதுங்கள். ஒரே குடும்பப் பெயர் இருப்பதாலேயே உறவு என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

தாத்தா கூலியாக வந்து கூலியாகவே செத்தார். சொத்து கிடையாது. அவருக்கு வாரிசுக் கோப்பு இருக்குமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தேடிப் பார்க்காமல் இல்லை என்று சொல்லக் கூடாது. ஒரு சைக்கிள், கொஞ்சம் சம்பளப் பாக்கி, ஒரு துண்டு நிலத்தின் குத்தகை என்று ஏதாவது இருந்தால்கூட அதை வாரிசுகளுக்குப் பிரிக்கக் கோப்பு திறக்கப்பட்டிருக்கலாம். நேட்டாலின் பழைய வாரிசுக் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தேசிய ஆவணக் காப்பகத்தின் 'நாயர்ஸ்' என்னும் கணினி அட்டவணையில் 'எம்-எஸ்-சி-இ' என்ற குறியீட்டின் கீழ் அவை வரும். ஒப்பந்தக் கூலிகள் சம்பந்தப்பட்ட குடியேற்ற அலுவலகக் கடிதங்கள் இரட்டை 'ஐ' குறியீட்டின் கீழ் வரும். இரண்டிலும் தேடுங்கள். அட்டவணையில் கிடைப்பது கோப்பின் தலைப்பு மட்டுமே. குறியீடு, தொகுதி எண், கோப்பு எண் ஆகிய மூன்றையும் ஒரு எழுத்து பிசகாமல் எழுதிக்கொண்டு போனால்தான் வாசிப்பறையில் கோப்பை எடுத்துத் தருவார்கள். அடையாள அட்டையும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள், பேனாவைப் பையிலேயே வைத்துவிடுங்கள்.

கோப்பில் முதலில் பார்க்க வேண்டியது இறப்பு அறிவிப்புப் படிவம். இறந்தவரின் பிறந்த ஊர், பெற்றோர் பெயர், வயது, மனைவி, பிள்ளைகள் எல்லோரும் ஒரே தாளில் இருப்பார்கள். படித்ததும் கண்ணைக் கீழே கொண்டுபோய்க் கையெழுத்தைப் பாருங்கள். மனைவியோ மூத்த மகனோ போட்டிருந்தால் பிள்ளைகள் பெயரை நம்பலாம். மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ போட்டிருந்தால் இறந்தவரின் பெற்றோர் பெயர் கேள்விப்பட்டதாகத்தான் இருக்கும். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு இருந்தால், படிவத்தை நிரப்பியவர் வேறொருவர், எழுத்துக்கூட்டல் அவருடையது. வயது எப்போதுமே உத்தேசம்தான்.

பாட்டன் பாட்டி கல்யாணம் 1915-இல் பதிவாகியிருக்கிறது. ஆனால் மூத்த பிள்ளை 1903-இல் பிறந்தவர். இதை எப்படி எழுதுவது?
– வாசகி, லெனேசியா

கல்யாணத் தேதி வேறு, பதிவுத் தேதி வேறு. கோயிலிலோ வீட்டிலோ தாலி கட்டியதைச் சட்டம் தானாக ஏற்கவில்லை, பதிவு செய்ய வேண்டியிருந்தது. பலர் செய்யவில்லை. 1913-இல் கேப் நீதிமன்றத் தீர்ப்பு கிறிஸ்தவ முறையில் நடக்காத கல்யாணங்களை ஏற்க மறுத்தது. சத்தியாக்கிரகத்துக்குப் பிறகு 1914-இன் இந்தியர் நிவாரணச் சட்டம் வழி திறந்தது. அதையொட்டிய ஆண்டுகளில், பல காலம் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகள் வந்து பதிந்துகொண்டார்கள். படத்தில் '1915-இல் பதிவு' என்றே எழுதுங்கள். மூத்த பிள்ளைகளின் பிறப்பைத் தாயின் பெயரிலும் தாயின் எண்ணிலும் தேடுங்கள், அங்கே கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இதில் யாரும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கப்பல் பட்டியலில் இருக்கும் சாதி, வீட்டில் சொல்லும் சாதி இல்லை. குழுவில் இதைச் சொல்லலாமா?
– வாசகர் (ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்)

அந்தக் கட்டத்தை நிரப்பியது ஆள் பிடித்தவரும் பதிவு குமாஸ்தாவும். வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று ஒன்றைச் சொன்னவர்களும், ஊரிலிருந்து தப்பித்து வந்து வேறொன்றைச் சொன்னவர்களும் உண்டு. எனவே அது ஒரு தாளில் இருந்த சொல், அவ்வளவே. உங்கள் நகலில் அதை அழிக்காதீர்கள், ஆவணத்தைத் திருத்த நமக்கு உரிமையில்லை. ஆனால் குழுவில் எல்லோரும் பார்க்கும் பட்டியலில் அந்தக் கட்டமே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஊரைக் கண்டுபிடிக்க அப்பா பெயரும் கிராமமும் போதும். இன்னொருவர் குடும்பத்தின் சாதியை அவர் கேட்காமல் தேடிச் சொல்வது வரலாற்று ஆய்வு ஆகாது.

இசிபிங்கோ பக்கம் ஒரு பழைய கல்லறையில் 'ருத்ரோத்காரி வருஷம் மாசி மாதம்' என்று இருக்கிறது. ஆங்கில வருஷம் எது?
– வாசகர், இசிபிங்கோ

1924, பிப்ரவரி–மார்ச். கணக்கு இதுதான்: அறுபது வருஷச் சக்கரத்தின் முதல் வருஷமான பிரபவ 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் பிறந்தது. உங்கள் வருஷம் வரிசையில் எத்தனையாவது என்று பஞ்சாங்கத்தில் பார்த்து, ஒன்றைக் கழித்து, 1867-உடன் கூட்டுங்கள். ருத்ரோத்காரி 57-ஆவது. 1867-உடன் 56-ஐக் கூட்டினால் 1923. ஆனால் தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. தை, மாசி, பங்குனி என்றால் ஆங்கில ஆண்டில் ஒன்றைக் கூட்ட வேண்டும், மார்கழியின் பின்பாதிக்கும் அப்படியே. அறுபது ஆண்டு முன்போ பின்போ தவறிவிடாமல் இருக்கக் கல்லில் உள்ள வயதையும் பிள்ளைகள் பெயரையும் ஒப்பிடுங்கள்.

எழுத்து தேய்ந்திருந்தால் சாக்பீஸ், மாவு, விபூதி எதையும் பூசாதீர்கள். கம்பி பிரஷும் பிளீச்சும் கல்லைத் தின்றுவிடும். தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். காலையிலோ சாயங்காலமோ வெயில் சாய்வாக விழும்போது படம் எடுங்கள், அல்லது ஒருவர் பக்கவாட்டில் டார்ச் பிடிக்க, இன்னொருவர் எடுக்கட்டும். கல்லைத் தனியாகவும், பக்கத்துக் கல்லறைகளோடு சேர்த்தும் எடுங்கள். தகனம் செய்தவர்களுக்குக் கல் இருக்காது, தகன மேடைப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் கோயிலில் இப்படி ஒரு குழு தொடங்க விரும்புகிறோம். எப்படி நடத்துவது?
– வாசகி, உம்சிண்டோ

பத்துப் பேர் போதும், மாதம் ஒரு முறை, இரண்டு மணி நேரம். முதல் கூட்டத்தில் எல்லோரையும் பேசவிட்டால் கதையிலேயே பொழுது போய்விடும். ஒவ்வொருவரும் தாத்தா பாட்டி நால்வரின் பெயர், பிறந்த ஆண்டு, தோட்டம் அல்லது ஊர் எழுதிய ஒரு தாளோடு வரட்டும். தோட்டத்தின் பெயர்களைச் சுவரில் ஒரு பட்டியலாக ஒட்டுங்கள். ஒரே தோட்டத்தில் முன்னோர் வேலை செய்த இரண்டு குடும்பங்கள் சேர்ந்து தேடினால் ஆவணக் காப்பகத்துக்குப் போகும் செலவும் பாதி, ஒருவர் படிக்க முடியாத கையெழுத்தை மற்றவர் படிப்பார்.

எண்பது வயது தாண்டியவர்களின் பேச்சை முதலில் பதிவு செய்யுங்கள், ஆவணம் காத்திருக்கும். "எந்த ஊர்?" என்று கேட்டால் "தெரியாதும்மா" என்பார்கள். குலதெய்வம் எது, காது குத்து எந்தச் சாமி முன்னால், பொங்கலுக்கு யார் வீட்டுக்குப் போவீர்கள், டர்பனின் கேட்டோ மேனரிலோ கிளேர்வுட்டிலோ எந்தத் தெரு என்று கேளுங்கள். வசிக்கும் இடங்களை இனவாரியாகப் பிரித்த குழுப்பகுதிச் சட்டத்தால் வீடு இழந்து சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் வந்த குடும்பங்களில் தாள்கள் தொலைந்திருக்கும், அந்தத் தெருப் பெயர்தான் பழைய பதிவுகளுக்கு வழி.

ஆவணங்களை 300 டிபிஐ-யிலும் சின்னப் புகைப்படங்களை 600-லும் ஸ்கேன் செய்யுங்கள். கிழிந்த தாளுக்கு செல்லோடேப் ஒட்டவோ லேமினேட் செய்யவோ வேண்டாம். மூலத்தை அன்றே உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் அடையாள எண், பிறந்த தேதி, முகவரி எதுவும் பொதுக் கோப்பில் வரக் கூடாது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதைவிட உறவுகளின் நம்பிக்கை பெரிது.

கப்பல் பட்டியலில் ஜில்லா 'நார்த் ஆர்காட்', ஊர் 'புதூர்' என்று இருக்கிறது. தமிழ்நாட்டுக்குப் போகப் போகிறோம். எங்கே போவது?
– வாசகர், ஜோகன்னஸ்பர்க்

டிக்கெட் எடுப்பதற்கு முன் தாலுகாவைக் கண்டுபிடியுங்கள். புதூர், பாளையம், நல்லூர் என்ற பெயரில் ஒரு மாவட்டத்திலேயே பல ஊர்கள் உண்டு. பழைய வட ஆர்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. 1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்துக்கும் ஒரு பகுதி போனது. அது இப்போது ஆந்திரத்தில் உள்ளது, உங்கள் ஊர் அங்கேயும் இருக்கலாம். தென் ஆர்காடு என்றால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. செங்கல்பட்டு ஜில்லா என்றால் காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கமும் சேரும். சேலம் என்றால் நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரியும்.

பட்டியலில் தாலுகா இருந்தால் அதை உரக்கப் படியுங்கள், எழுத்தில் புரியாதது காதில் புரியும். வந்தவாசி, குடியாத்தம், போளூர் எல்லாம் ஆங்கிலத்தில் அடையாளமே தெரியாமல் கிடக்கும். தாலுகாவும் இல்லையென்றால் அதே கப்பலில் பக்கத்து எண்களில் 'புதூர்' என்று எழுதியவர்களுக்குத் தாலுகா இருக்கிறதா பாருங்கள்.

அங்கே போனதும் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள், ஊர்ப் பெரியவர்களிடம் குலதெய்வத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நிலம் இருந்த குடும்பத்துக்கே பழைய நிலப் பதிவு இருக்கும், கூலிக்கு வந்தவர்களில் பலருக்கு அது இருக்காது. பட்டியல் பக்கத்தின் நகல், அப்பா பெயர், உடன் வந்தவர்களின் பெயர்கள், கப்பலேறிய ஆண்டு ஆகியவற்றைத் தமிழில் ஒரே தாளில் எழுதி இருபது பிரதி எடுத்துச் செல்லுங்கள். வாட்ஸ்அப் எண்ணும் அதில் இருக்கட்டும். முதல் வரியிலேயே, நிலமோ சொத்தோ கேட்டு வரவில்லை என்று எழுதிவிடுங்கள். அது இல்லாவிட்டால் தெரிந்தவர்கள்கூட வாய் திறக்கத் தயங்குவார்கள்.